கவுண்டி ஜெயிலில் காவலராகச் சேர நினைக்கும் சகோதரிக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 31. திருநெல்வேலியில் பி.காம். முடித்து, திருமணமாகி டெக்சஸ் வந்தேன். ஹூஸ்டனுக்கு அருகில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஓர் ஓட்டலின் வரவேற்புப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறேன். எங்கள் கவுண்டி ஷெரிப் அலுவலகம் ஜெயில் காவலர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு பார்த்தேன். சம்பளமும் மருத்துவக் காப்பீடும் இப்போதைய வேலையைவிட மேலாக இருக்கின்றன. கணவருக்குச் சம்மதம். ஊரிலிருக்கும் அம்மாவோ, ‘கொலைகாரர்கள் நடுவே பெண்பிள்ளைக்கு என்ன வேலை’ என்று அழுகிறார். நான் ஐந்தடி இரண்டங்குலம்தான். என் ஆங்கில உச்சரிப்பும் நம் ஊர் உச்சரிப்பே. எனக்கு இந்த வேலை சரிப்படுமா? எப்படித் தயாராக வேண்டும்? பின்னாளில் போலீஸ் ஆவதற்கு இது வழியாகுமா? எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டெக்சஸில் ஒரு கவுண்டி ஜெயிலில் காவலராகச் சேர்ந்து, பிறகு புதிதாக வருபவர்களைப் பழக்கும் சார்ஜென்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உடல்வாகு, உச்சரிப்பு, அம்மாவின் அச்சம் என்று நீங்கள் எழுதியிருக்கும் கவலைகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். இந்த வேலையில் நிலைத்தவர்களையும் இடையில் பேர்கெட்டு வெளியேறியவர்களையும் நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் ஒரே குணம்தான். செய்ததைச் செய்தேன் என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் தன் கையால் எழுதும் துணிவு அது. விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலிருந்து நள்ளிரவு ரோந்துப் பதிவேடு வரை உங்களிடம் கேட்கப்படப்போவது அந்தத் துணிவைத்தான்.

முதலில் உங்கள் அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குள்தான் இந்த வேலையின் இயல்பு இருக்கிறது. டெக்சஸில் நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டிகள் 254 உண்டு. கவுண்டி ஜெயிலை நடத்தும் பொறுப்பு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிப் என்னும் காவல் அதிகாரியுடையது. நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநில அரசின் சிறைகளுக்குப் போய்விடுவார்கள். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைதாகி வழக்குக்காகக் காத்திருப்பவர்கள். மீதிப்பேர் ஓராண்டுக்கு மேற்படாத சிறு தண்டனையை அனுபவிப்பவர்களும், மாநிலச் சிறைக்கு அனுப்பப்படக் காத்திருப்பவர்களும். அமெரிக்கா முழுவதும் எடுத்துக்கொண்டால் உள்ளூர் ஜெயில்களில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். நம் ஊரில் விசாரணைக் கைதிகளை வைக்கும் கிளைச்சிறையை அம்மாவுக்கு நினைவூட்டுங்கள். அவர் உடனே புரிந்துகொள்வார். கொலைக் குற்றம் சுமத்தப்பட்டவரும் அங்கே இருப்பார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவருக்கு இரண்டு அறை தள்ளி, குடித்துவிட்டுக் கார் ஓட்டிய பள்ளி ஆசிரியரும், போக்குவரத்து அபராதத்தைக் கட்டாமல் விட்ட பெண்ணும், மருந்தை நிறுத்தியதால் மனநிலை கலைந்து தெருவில் கத்திக்கொண்டிருந்த இளைஞனும் இருப்பார்கள். ஜாமீன் பணம் இல்லை என்பதற்காகவே உள்ளே கிடப்பவர்கள் ஏராளம். தீர்ப்பாகாத ஒருவரைத் தண்டிக்கும் நோக்கில் நடத்தக்கூடாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-இல் பெல் எதிர் வுல்பிஷ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் தண்டனை கொடுக்கப் போவதில்லை. கதவைப் பூட்டிய பிறகு உள்ளிருப்பவரின் உயிருக்கு யார் பொறுப்போ, அந்தப் பொறுப்பை ஏற்கப் போகிறீர்கள்.

அந்தப் பொறுப்பு அன்றாடம் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்தால், அது ரோந்து. டெக்சஸ் ஜெயில் தரநிலை ஆணையம் 1975-இல் உருவாக்கப்பட்டது. கவுண்டி ஜெயில்களுக்கான குறைந்தபட்ச விதிகளை வகுப்பதும் அவற்றை ஆய்வு செய்வதும் அதன் வேலை. அந்த விதிகளின்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலராவது இருக்க வேண்டும். ஒவ்வொரு கைதியையும் குறைந்தது 60 நிமிடத்துக்கு ஒருமுறை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை அபாயம் உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள், தாக்கக்கூடியவர்கள் இருக்கும் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்த விதி, பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி மூன்று மணி நேரத்தில் எவ்வளவு கனக்கும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். நேருக்கு நேர் பார்ப்பது என்றால் கண்ணாடி வழியே ஓர் உருவம் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நகர்வதன்று. போர்வை முகத்தை மூடியிருந்தால் விலக்கச் சொல்ல வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, தோலின் நிறம் மாறியிருக்கிறதா, கை நடுங்குகிறதா, மாலையில் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கவனிக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. அமெரிக்க உள்ளூர் ஜெயில்களில் நேரும் மரணங்களுக்குத் தனித்த காரணங்களில் முதலிடத்தில் இருப்பது தற்கொலை, அதில் கணிசமான பகுதி கைதான முதல் சில நாட்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. வேலை போய்விடும், குடும்பம் தலைகுனியும், பிள்ளைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணமெல்லாம் ஒரே இரவில் மனத்தில் வந்து குவியும் நேரம் அது. நெடுநாள் குடித்தவருக்குத் திடீரென்று மது நின்றுபோனால் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம்; அதை வெறும் போதை என்று எண்ணி விட்டுவிட்ட காவலர்களால் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை அறிந்தும் அலட்சியப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்ற தீர்ப்பு, டெக்சஸ் சிறையில் பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட ஒரு கைதி தொடுத்த எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், 1976-இல் வந்தது. கைதாகி வருபவரிடம் புக்கிங்கிலேயே, அதாவது ஜெயிலில் சேர்த்துப் பதிவு செய்யும்போதே, ஒரு கேள்விப் படிவம் நிரப்பப்படும்: இதற்கு முன் தற்கொலைக்கு முயன்றதுண்டா, இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பவை அதில் இருக்கும். மனநோய் இருக்கலாம் என்று நம்பக் காரணம் கிடைத்தால் 12 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிப்பது ஷெரிப்பின் கடமை. அந்தப் படிவத்தை நிரப்பும் கை ஒருநாள் உங்களுடையதாக இருக்கும். கேள்வியை வாசித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் ‘இல்லை’ என்று கட்டத்தை நிரப்பினால், அடுத்தடுத்து வரும் காவலர்கள் எல்லோருக்கும் அந்தத் தவறே போய்ச் சேரும்.

சாண்ட்ரா பிளாண்டின் கதையை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். ஹூஸ்டனுக்கு வடமேற்கிலுள்ள வாலர் கவுண்டியில், 2015 ஜூலை 10-ஆம் தேதி, சாலையில் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டு, வாக்குவாதம் முற்றிக் கைதானவர், வயது 28. ஜாமீன் தொகை 5,000 டாலர். அதில் பத்திலொரு பங்கான 500 டாலர் கட்டினால் வெளியே வந்திருக்கலாம். ஜூலை 13 காலையில் அறைக்குள் தூக்கில் இறந்து கிடந்தார். முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்றதாக அவர் சொன்னது சேர்க்கைப் படிவத்தில் பதிவாகியிருந்தது. ஆனாலும் தற்கொலை அபாயம் உள்ளவருக்குரிய கண்காணிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மணிக்கொரு முறை நேரில் பார்க்கும் விதியை அந்த ஜெயில் பின்பற்றவில்லை என்று தரநிலை ஆணையம் குற்றம் கண்டது. பார்க்காத ரோந்தைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதியதைக் காவலர் ஒருவர் பின்னர் வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2016-இல் 19 லட்சம் டாலருக்கு முடிந்தது. 2017-இல் அவர் பெயராலேயே டெக்சஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: அபாயத்தில் இருக்கும் கைதிகளின் அறைகளைக் காவலர் உரிய நேரத்தில் வந்து பார்த்தாரா என்பதை மின்னணு உணர்கருவியோ கேமராவோ உறுதி செய்ய வேண்டும், காவலர்களுக்கு மனநலம் குறித்து 8 மணி நேரப் பயிற்சி தர வேண்டும், ஜெயிலில் ஒருவர் இறந்தால் வெளியிலிருந்து வேறொரு காவல் அமைப்பு புலனாய்வு செய்ய வேண்டும். நீங்கள் சேர்ந்த பின் சுவரிலுள்ள ஒரு பொத்தானில் கருவியைத் தொட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவீர்கள். அந்தப் பொத்தான் ஏன் அங்கே வந்தது என்பதை ஒவ்வொரு முறை தொடும்போதும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொல்வதுண்டு. பொத்தானைத் தொட்டால் நீங்கள் அங்கே போனீர்கள் என்பதுதான் பதிவாகும். உள்ளே பார்த்தீர்களா என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் அறிய முடியாது.

பதிவேட்டில் பொய் எழுதுபவர்கள் கெட்டவர்களாக இருப்பதில்லை என்பதுதான் இதில் மிகவும் வருத்தமானது. இரண்டு பேர் விடுப்பு, ஒருவர் கைதியோடு மருத்துவமனையில், நடுவே ஒரு சண்டை, அதற்கு அறிக்கை எழுத வேண்டும். மணி 3.40 ஆகிவிட்டது, 3.00 மணி ரோந்து போகவில்லை. பக்கத்திலிருக்கும் மூத்தவர், ‘எழுதிவிடு, எல்லாரும் செய்வதுதான்’ என்பார். அந்த நேரத்தில் நீங்கள் எழுத வேண்டியது இதுதான்: ‘3.00 மணி ரோந்து தாமதம். காரணம்: தாக்குதல் சம்பவம், ஆள் பற்றாக்குறை. மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது. ரோந்து தொடங்கிய நேரம் 3.42.’ இப்படி எழுதினால் மறுநாள் கேள்வி வரும், சில சமயம் கண்டிப்பும் வரும். ஆனால் அது நிர்வாகத்தின் குறையாகப் பதிவாகும், ஆள் கேட்பதற்கு ஆதாரமாகவும் இருக்கும். பொய்யாக எழுதினால் அது உங்கள் குற்றம். டெக்சஸ் சட்டத்தில் அரசு ஆவணத்தைத் திருத்தும் குற்றம். இதற்காகக் காவலர்கள் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் உடல்வாகு. ஐந்தடி இரண்டங்குலம் ஒரு தடையே அல்ல. சண்டை நடக்கும், தாக்குதலும் நடக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தற்காப்பு, விலங்கிடுதல், மிளகுத் தெளிப்பான் எல்லாவற்றிலும் பயிற்சி தருவார்கள். பல கவுண்டிகளில் அந்தத் தெளிப்பானை உங்கள் முகத்திலும் அடித்துக் காட்டுவார்கள். துப்பாக்கி கைதிகள் இருக்கும் பகுதிக்குள் வராது, போலீஸ்காரரே வந்தாலும் வாசலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். எனவே உள்ளே உங்களுடைய முதல் கருவி பேச்சுதான். தனியாகக் கதவைத் திறந்து உள்ளே பாய்பவரை நாங்கள் தைரியசாலி என்று மெச்சுவதில்லை. ரேடியோவில் ஆள் கூப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று பேசி, நேரத்தைக் கடத்தத் தெரிந்தவரைத்தான் எல்லோரும் தங்கள் ஷிப்டில் வேண்டும் என்று கேட்பார்கள். பலப்பிரயோகம் தேவையானால் அது எவ்வளவு என்பதற்கும் சட்டம் உண்டு: தீர்ப்பாகாத கைதியின் மேல் காட்டிய பலம் நியாயமானதா என்பதை, காவலரின் மனத்தில் என்ன இருந்தது என்று பாராமல், அந்தச் சூழலில் நிற்கும் ஒரு நியாயமான காவலரின் நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கிங்ஸ்லி வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே என்ன நடந்தது என்பதை அறிக்கையில் நிகழ்ந்த வரிசைப்படி, உங்கள் பங்கு உட்பட, முழுமையாக எழுதப் பழகுங்கள்.

ஓட்டல் வரவேற்பில் இரவுப் பணி பார்த்தவருக்கு இந்த வேலையின் பாதி தெரிந்தே இருக்கும். நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து கத்துபவரிடம் குரலை உயர்த்தாமல் பேசியிருப்பீர்கள், முடியாது என்பதை அவமானப்படுத்தாமல் சொல்லியிருப்பீர்கள். நேர்காணலில் அதை எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். உச்சரிப்பு பற்றி வருந்த வேண்டாம். டெக்சஸ் ஜெயில்களில் நூறு வகை ஆங்கிலம் பேசப்படுகிறது. ரேடியோவில் மட்டும் சுருக்கமாக, நிதானமாக, இடத்தை முதலில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் பெரும் உதவி. சில கவுண்டிகள் அதற்குத் தனி ஊக்கத்தொகையும் தருகின்றன. பெண் காவலர்களின் தேவையோ மிக அதிகம். சிறைப் பாலியல் வன்முறையைத் தடுக்க 2003-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அவசர நிலை தவிர, பெண் கைதியை ஆண் காவலர் தொட்டுச் சோதிக்கக் கூடாது. ஒரு ஷிப்டில் போதிய பெண் காவலர்கள் இல்லையென்றால் பெண்கள் பகுதியின் வேலையே நின்றுவிடும்.

அடியைவிட அதிகமாக நான் எச்சரிக்க விரும்புவது தயவைக் கேட்டு வருபவர்களை. புதிதாக வந்தவரின் இயல்பைச் சில கைதிகள் மிகப் பொறுமையாக அறிந்துகொள்வார்கள். முதலில் ‘நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை, மரியாதையாகப் பேசுகிறீர்கள்’ என்பார்கள். பிறகு கூடுதலாக ஒரு சாப்பாட்டுத் தட்டு, நேரம் முடிந்தபின் ஒரு போன் அழைப்பு, வெளியே ஒருவருக்குச் சேர்க்க வேண்டிய ஒரு சீட்டு. அதைச் செய்த மறுநாளே, ‘இதை மேலிடத்தில் சொல்லட்டுமா’ என்ற கேள்வி வரும். நம் வீடுகளில் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாமல் வளர்க்கப்பட்ட பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது உண்மையாகவே கடினம். செல்போனோ போதைப்பொருளோ உள்ளே கொண்டுவந்து கொடுப்பது டெக்சஸில் பெருங்குற்றம்; காவலர் கைதியோடு பாலுறவு கொள்வதும் பெருங்குற்றம், கைதி சம்மதித்தார் என்பது அங்கே வாதமாகாது. சிறிய சறுக்கல் நேர்ந்துவிட்டால் அதே ஷிப்டில் சார்ஜென்டிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அன்றே சொன்னவர்களுக்கு வேலை தங்கியிருக்கிறது; மறைத்தவர்கள்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கப்பட்டார்கள்.

இப்போது சேரும் வழி. டெக்சஸ் சட்ட அமலாக்க ஆணையம் வழங்கும் கவுண்டி ஜெயிலர் உரிமம் உங்களுக்கு வேண்டும். நம் ஊரில் ஜெயிலர் என்பது மேலதிகாரியின் பதவி, இங்கே சாதாரணக் காவலருக்கே அந்தப் பெயர். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளிப் படிப்போ அதற்கு நிகரான தேர்ச்சியோ இருக்க வேண்டும், குடியுரிமை இருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைக் குற்றத் தண்டனைகளும் குடும்ப வன்முறைத் தண்டனையும் இருக்கக்கூடாது. கைரேகை எடுப்பார்கள், மருத்துவரும் மனநல வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும், போதைப்பொருள் சோதனை உண்டு. சில கவுண்டிகள் உண்மையறியும் கருவியையும் வைக்கின்றன. தற்காலிக உரிமத்தோடு வேலையில் சேர்த்துக்கொண்டு, ஓராண்டுக்குள் அடிப்படைப் பயிற்சி வகுப்பையும் மாநிலத் தேர்வையும் முடிக்கச் சொல்வதும் வழக்கம். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டு.

நம்மவர்கள் தடுமாறும் இடம் தனிநபர் வரலாற்றுப் படிவம். பல ஆண்டுகளாக இருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், கடன்கள், உறவினர்கள் எல்லாவற்றையும் அது கேட்கும். உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். குடியுரிமைச் சான்றிதழில் நான்காவதாக ஒரு வடிவம் இருக்கக்கூடும். பின்னணி விசாரிப்பவருக்கு இது நான்கு ஆட்களாகத் தெரியும். ஆகவே ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ என்ற இடத்தில் ஒவ்வொரு வடிவத்தையும், அது எந்த ஆவணத்தில் எந்த ஆண்டு வந்தது என்பதோடு எழுதி, நம் பெயர் வைக்கும் முறையை விளக்கித் தனியாக ஒரு பக்கம் இணையுங்கள். நண்பர்களுக்குள் போட்ட சீட்டு, கைமாற்று, ஊரில் அண்ணன் பெயரில் இருக்கும் கூட்டுச் சொத்து எதையும் சிறியது என்று விடவேண்டாம். கல்லூரிக் காலத்தில் ஏதாவது செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். பழைய சிறு தவறு பெரும்பாலும் மன்னிக்கப்படும். மறைத்தது தெரிந்தால் அந்தக் கவுண்டியில் மட்டுமன்றி அடுத்த கவுண்டியிலும் கதவு மூடிக்கொள்ளும்.

எந்தக் கவுண்டியில் சேர்வது என்பதில் அவசரம் வேண்டாம். தரநிலை ஆணையத்தின் ஆய்வு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. விதிகளை நிறைவேற்றாத ஜெயில்களின் பட்டியலையும் ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நீங்கள் நினைத்திருக்கும் ஜெயிலின் கடந்த சில அறிக்கைகளை வாசியுங்கள். ரோந்துத் தாமதமும் ஆள் விகிதக் குறைவும் திரும்பத் திரும்ப வந்தால், அந்த 3.40 மணி இக்கட்டு அங்கே தினமும் நேர்கிறது என்று பொருள். உங்கள் பகுதியில் உள்ள ஹாரிஸ் கவுண்டி ஜெயில் நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. இடமும் ஆளும் போதாமல் கைதிகளை வேறு மாநிலங்களுக்கே அனுப்பியிருந்த காலமும் உண்டு. பெரிய இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், களைப்பும் அதிகம். கட்டாயக் கூடுதல் பணி மாதத்தில் எத்தனை முறை வருகிறது, மூத்தவரோடு சேர்த்து எத்தனை வாரம் பழக்குகிறார்கள் என்று நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். காவலர் கைதிகளோடு ஒரே கூடத்தில் இருந்து கண்காணிக்கும் அமைப்பா, தாழ்வாரத்தில் நடந்து பார்க்கும் பழைய அமைப்பா என்பதையும் கேளுங்கள். முதல் வகையைக் கவுண்டி அளவில் 1981-இல் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி மார்ட்டினெஸ் நகரில் தொடங்கியது. பேசிச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. சம்பளக் கணக்கில் ஒரு நுணுக்கம்: கூட்டாட்சிச் சட்டம் காவல் பணிக்குத் தனி விலக்கு தருவதால், 28 நாளில் 171 மணி நேரம் தாண்டிய பிறகே கூடுதல் பணி ஊதியம் தர ஒரு கவுண்டி முடிவு செய்யலாம். உங்கள் கவுண்டி எந்த முறையைக் கையாள்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கவுண்டிகள் டெக்சஸ் கவுண்டி ஓய்வூதிய அமைப்பில் இருக்கின்றன. சம்பளத்தில் 4 முதல் 7 சதவீதம் வரை பிடித்து, அந்தச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி சேர்க்கிறார்கள். எத்தனை ஆண்டு பணிக்குப் பின் ஓய்வூதியம் உறுதியாகும் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

போலீஸ் ஆக இது வழியா என்று கேட்டிருந்தீர்கள். வழிதான், ஆனால் தானாக நடப்பதில்லை. அதற்குத் தனி உரிமமும் 700 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சியும் தேவை. பல ஷெரிப் அலுவலகங்கள் ஜெயிலில் நன்றாகப் பணிபுரிந்தவர்களைத் தாமே செலவிட்டு அனுப்புகின்றன. இங்கும் நான் முதலில் சொன்னதே வந்து நிற்கிறது. சாட்சி சொல்லும் காவலர் முன்பு பொய் எழுதிப் பிடிபட்டவர் என்றால் அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அரசு வழக்கறிஞருக்கு உண்டு. 1963-இன் பிரேடி வழக்கும் 1972-இன் ஜிக்லியோ வழக்கும் அதை நிலைநாட்டின. அப்படி ஒரு குறிப்பு பெயரில் விழுந்தவரை எந்தப் போலீஸ் துறையும் விரும்பாது. ஜெயிலில் பொய்யாக எழுதிய ஒரு ரோந்து, பத்தாண்டு கழித்து உங்கள் போலீஸ் கனவை முடித்துவிடக்கூடும். மற்றபடி, ஜெயிலை வெறும் படிக்கட்டாக நினைத்து வருபவர்கள் கைதிகளைக் கவனிப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டாவது இந்த வேலைக்காகவே இந்த வேலையைச் செய்வேன் என்றால் வாருங்கள்.

மகன் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்கிறேன்: புதியவர்களுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்டும் வார இறுதிகளும்தான் கிடைக்கும். தீபாவளியும் பொங்கலும் விடுமுறைப் பட்டியலில் இராது. வீடு திரும்பும் நேரத்தில், அவ்வளவு நேரம் எல்லோரையும் சந்தேகத்தோடு கவனித்த கண்ணை உடனே மாற்றிக்கொள்ள முடியாமல் பிள்ளையிடம் கைதியிடம் பேசுவது போலப் பேசிவிடுபவர்கள் உண்டு. கணவரிடம் இதை முன்கூட்டியே பேசி, வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்க இடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மரணத்தையோ கடும் தாக்குதலையோ பார்க்க நேர்ந்தால், அலுவலகம் ஏற்பாடு செய்யும் மனநல ஆலோசகரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். சமூக ஊடகத்தில் மகனின் பள்ளி, வீட்டு வாசல், சீருடைப் படம் எதுவும் வேண்டாம். அம்மாவிடம், ‘கொலைகாரர்கள் நடுவே போகவில்லை, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் உயிரோடு நீதிமன்றம் போய்ச் சேர வேண்டுமென்று பார்த்துக்கொள்ளப் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஒரே நாளில் சமாதானமாக மாட்டார். முதல் சில மாதங்கள் ஷிப்ட் முடிந்ததும் ஒரு போன் செய்துவிடுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஷெரிப் அலுவலகத்தில் கேட்டு ஜெயிலை ஒருமுறை உள்ளே சென்று சுற்றிப் பாருங்கள். ஆள் தேடும் கவுண்டிகள் பெரும்பாலும் அனுமதிக்கும். அந்த வாடையும் கதவுச் சத்தமும் தாங்கக்கூடியவையா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். விண்ணப்பத்திலிருந்து நியமனம் வரை சில மாதங்கள் ஆகலாம் என்பதால், ஆணை கையில் வரும்வரை ஓட்டல் வேலையை விடவேண்டாம். உங்களைப் பற்றி விசாரிக்க வருவார்கள் என்று மேலாளரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். திருநெல்வேலிப் பள்ளிச் சான்றிதழையும் பட்டத்தையும் அமெரிக்கப் படிப்புக்கு நிகராக மதிப்பிட்டுத் தரும் நிறுவனத்துக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கல்லூரியிலிருந்து மூல ஆவணம் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் அதிக நாள் எடுக்கும்.